ஆளு வந்திருக்கேன்

தகரப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் காடி நெடி மூக்கில் ஏறியது. படச்சுருள் கெட ஆரம்பித்தால் இப்படிப் புளித்த நாற்றம் வரும் என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். அப்போது உங்களுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அடுத்த வீட்டுச் செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னீர்கள். இப்போது கெடுகிறது. ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சுருளாக எடுத்து ஓரம் நெளிந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்று மட்டும் நெளிந்திருக்கிறது. மற்றவை பரவாயில்லை.

பெட்டியைத் திறக்க வைத்தவர் கஜேந்திரன். தேரடிக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருந்தவரின் மகன். நீங்கள் படம் எடுத்தபோது அரைக்கால் சட்டையோடு லாட்ஜ் வாசலில் நின்றவர். இப்போது தாத்தா ஆகிவிட்டார். ஊரில் ஒரு பண்பாட்டுக் குழு இருக்கிறது, அதற்கு அவர் தலைவர். அந்தக் குழு நினைவு விழா ஒன்று எடுக்கப் போகிறது. யாருக்குத் தெரியுமா? உங்களுக்கு.

“நம்ம ஊர்ல இப்டி ஒரு மேதை இருந்தாருன்னு யாருக்குமே தெரியாம போச்சு சார்,” என்றார். பிறகு கைபேசியை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். உங்கள் படத்தின் மங்கலான நகல் ஒன்று எப்படியோ அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. அதை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள். விடியலில் மலை, கோபுரம், தேர் வடம், ஜனக்கூட்டம், மலை உச்சியில் தீபம். மேலே புல்லாங்குழல், அதன் மேல் மந்திரம். நடுவில் கஜேந்திரனின் அப்பா லாட்ஜ் வாசலில் கைகூப்பி நிற்கிறார். அவர் வாய் திறப்பதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது.

“பின்பக்கச் சந்துல எடுத்தது?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“அந்த அசிங்கத்தையெல்லாம் எடுத்துட்டோம் சார். குடும்பத்தோட வருவாங்க இல்ல? லேடீஸ் இருப்பாங்க.”

வாயில் எச்சில் ஊறியது. துப்பவில்லை, விழுங்கினேன். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும்.

மூலச்சுருள் என்னிடம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சென்னைக்கு அனுப்பிச் சுத்தம் செய்தால் படம் பளிச்சென்று இருக்குமாம். நான் “பார்க்கலாம்” என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பிற்பாடு துணியால் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று விளக்க முடியவில்லை.

நீங்கள் இந்த ஊருக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு அறை எடுத்திருந்தீர்கள். அதற்கு முன்னால் கல்லுடைப்பவர்களைப் பற்றியும் நெசவாளர்களைப் பற்றியும் படம் எடுத்திருந்தீர்கள். ஒரு ஊர்வலத்தில் போலீஸ் அடித்ததில் இடது தோளை முழுதாகத் தூக்க வராது. தாடியைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைக்காரர் உங்களைச் சாமியார் என்று நினைத்து, எவ்வளவு காலமாக மௌனம் என்று கேட்டாராம். “இந்தக் கேமராவ வாங்கினதுலேர்ந்து” என்றீர்களாம். சாவி கொடுத்து ஓட்டும் பழைய கேமரா அது. ஒரு முறை முறுக்கினால் அரை நிமிடம்கூட ஓடாது. படத்தை மட்டும் பிடிக்கும், சத்தத்தைப் பிடிக்காது.

அதனால்தான் என்னிடம் வந்தீர்கள். நான் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆய்வகத்தில் ஸ்பூல் டேப் ரிக்கார்டர் ஒன்று இருந்தது, அதை ஒழுங்காக வைத்திருந்தவன் நான். “வாத்தியாரே, நீங்க பேச மாட்டீங்கன்னு சொன்னாங்க. எனக்கு அப்படிப்பட்ட ஆளுதான் வேணும்,” என்றீர்கள். நீங்கள் எல்லோரையும் தோழர் என்று கூப்பிடுவீர்கள். எனக்குக் கடைசிவரை அந்தச் சொல் வாயில் வரவில்லை. சார் என்றே கூப்பிட்டேன். நீங்களும் பழிக்குப் பழியாக என்னை வாத்தியார் என்றே வைத்துக்கொண்டீர்கள்.

தீபத் திருவிழா பற்றிய படம் என்றுதான் சொன்னீர்கள். மலையையும் தேரையும் எதிர்பார்த்து வந்தேன். நீங்கள் என்னைக் கூட்டிப்போனது லாட்ஜுகளுக்கும் பெரிய வீடுகளுக்கும் பின்னால் ஓடிய சந்துக்கு. அந்தக் காலத்தில் அங்கெல்லாம் எடுப்புக் கக்கூஸ்தான். வீட்டின் பின்சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு ஓட்டை, அதற்கு ஒரு தகரக் கதவு. நகராட்சியின் துப்புரவுப் பெண்கள் சந்துப் பக்கமாக வந்து, கதவைத் தூக்கி, உள்ளே கையை விட்டு வாரி எடுப்பார்கள். சாதாரண நாளிலேயே தாங்காது. திருவிழாவில் ஊரே வந்து தங்கும். தேர் பார்த்த புண்ணியம் முன்வாசல் வழியாகப் போய்விடும், மற்றதெல்லாம் சந்துக்கு வந்துவிடும்.

முதல் நாள் காலையில் நான் வாந்தி எடுத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது: “வாந்தி எடுத்துட்டு வாங்க வாத்தியாரே, ஒண்ணும் அவசரமில்ல. மைக்க மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க.” எனக்கு உங்கள்மேல் வெறுப்பு வந்தது. அந்த இடத்தின்மேல், அந்தப் பெண்களின்மேல்கூட வந்தது. அன்று என் அருவருப்பு யார்மேல் விழுவது என்று தெரியாமல் கண்ட பக்கமெல்லாம் விழுந்துகொண்டிருந்தது.

முனியம்மாவை அங்கேதான் பார்த்தோம். நாற்பது வயது இருக்கும். முந்தானையை மூக்குவரை இழுத்துச் சொருகியிருப்பாள். ஒவ்வொரு தகரக் கதவையும் தூக்குவதற்கு முன்னால் நின்று கூப்பிடுவாள்: “ஆளு வந்திருக்கேன்!” உள்ளே யாராவது உட்கார்ந்திருந்தால் எழுந்துகொள்ளட்டும், இல்லையென்றால் சத்தமாவது கொடுக்கட்டும் என்பதற்காக. அந்த வேலையில் இருந்த எல்லோருக்கும் அந்த வழக்கம் உண்டு. முனியம்மா மட்டும் அதைக் கொஞ்சம் இழுத்து, கடைசியில் ஏற்றிக் கூப்பிடுவாள். கொஞ்ச நேரம் நிற்பாள். பதில் வராது. கதவைத் தூக்குவாள். பல நாள் அதைப் பதிவு செய்தேன். ஒரே ஒரு முறைகூட உள்ளேயிருந்து ஒரு “சரி” வந்ததாக என் நாடாக்களில் இல்லை.

அதே நாட்களில் முன்வாசல்களையும் படம் பிடித்தீர்கள். கஜேந்திரனின் அப்பா பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். ஊரின் விருந்தோம்பலைப் பற்றிய படம் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். “நம்ம லாட்ஜுல சுத்தம்தான் சார் ஃபர்ஸ்ட்டு. மத்ததெல்லாம் அப்புறம்,” என்று என் மைக்கில் சொன்னார். நீங்கள் ஒரே கேள்விதான் கேட்டீர்கள், அதையும் மிகவும் மரியாதையாக.

“பின்னாடி சந்துக்குக் கடைசியா எப்ப போனீங்க?”

“அங்க எதுக்கு சார் நான் போவணும்?” என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

நீங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தீர்கள். படத்தில் யார் முகம் இருக்கிறதோ முதல் காட்சி அவர்களுக்குத்தான். அவர்கள் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே மற்றவர்களுக்கு. வேண்டாம் என்றால் எடுத்துவிடுவீர்கள். இதை எங்கே கற்றீர்கள் என்று நான் கேட்டதில்லை. நகராட்சித் தொழிலாளர்களின் லைன் வீடுகளில், ஒரு சுவரில் வேட்டியைக் கட்டிப் படத்தை ஓட்டினோம். அப்போது படத்தோடு சத்தம் சேர்ந்திருக்கவில்லை. புரொஜெக்டர் பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு, படம் ஓடுவதற்குத் தகுந்தபடி நிறுத்தி நிறுத்தி நான் போட்டேன்.

முதலில் ஒரே சிரிப்பு. “ஏய், சரோஜா நடக்கறத பாருடி, கலெக்டரம்மா மாதிரி!” “உம் புருசன் எங்கடி, படத்துலகூட வேலைக்கு வரல?” பிறகு முனியம்மாவின் முகம் வந்தது. கதவைத் தூக்கும் முன் கேமராவை நேராகப் பார்க்கும் அந்த இடம். முந்தானை நழுவியிருந்தது. கண்ணும் மூக்கும் வாயும் சுவர் அளவுக்குத் தெரிந்தன. யாரும் சிரிக்கவில்லை. அந்தப் படத்திலேயே நீங்கள் எடுத்த சிறந்த காட்சி அதுதான், எனக்குக்கூட அது தெரிந்தது.

முடிந்ததும் முனியம்மா உங்களிடம் வந்தாள். “சார், எம் மூஞ்சிய எட்த்துடு சார்.”

அவள் மகள் செல்விக்குக் கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற வேலை என்று அவர்களிடம் சொல்லியிருந்தாளாம். படம் அந்தப் பக்கம் போனால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தாள்.

உங்களோடு வந்திருந்த கட்சிக்காரர் ராஜமாணிக்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு கல்யாணத்துக்காக ஒரு வர்க்கத்தோட முகத்தையே வெட்டுவீங்களா தோழர்?”

“வர்க்கத்துக்கு மூஞ்சி கெடயாது. இந்தம்மாவுக்குத்தான் இருக்கு,” என்றீர்கள்.

அதற்குப் பிறகு அவர் உங்களோடு பல மாதம் பேசவில்லை. நீங்கள் முனியம்மாவிடம் திரும்பி, குரலையும் எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டீர்கள். அவள் யோசித்தாள்.

“கொரலு இருந்துட்டுப் போவட்டும் சார். அத்த யாரு அடையாளம் கண்டுபுடிக்கப் போறாங்க? இத்தினி வருசமா கூப்புட்றேன், ஒருத்தரு பதில் சொன்னதில்ல.”

என் வீட்டு அறையில் வைத்துத்தான் வெட்டினீர்கள். வெட்டிய துண்டை அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குட்டிக் குட்டியாக வரிசையில் நின்ற தன்னைப் பார்த்து, “ஐயே, இத்தினி முனியம்மாவா! ஒருத்தி பட்ற பாடு பத்தாதா?” என்று சிரித்தாள். பிறகு அடுப்பில் போட்டுவிட்டாள்.

படம் முடிந்து சத்தமும் சேர்ந்த பிறகு ஊர் மண்டபத்தில் காட்டினீர்கள். லாட்ஜ்காரரின் “எதுக்கு சார் நான் போவணும்” வந்தபோது பின் வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். அடுத்து நாற்காலி பறந்தது. திரையைக் கிழித்தார்கள். மறுநாள் லாட்ஜ்காரர் ஆட்களோடு உங்கள் அறைக்கு வந்து, தன் பேச்சை எடுத்துவிடச் சொன்னார். நீங்கள் மறுத்தீர்கள். நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் போனதும் ஒரு சந்தேகம் கேட்டேன், ஞாபகம் இருக்குமா? முனியம்மா கேட்டதும் எடுத்தீர்கள், இவர் கேட்டால் மாட்டேன் என்கிறீர்கள். இரண்டு பேர் முகமும் படத்தில் இருக்கிறது. வழக்கம் எல்லோருக்கும் பொது இல்லையா?

பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “அவருக்கு முன்பக்கம் வாசல் ஒண்ணு இருக்கு வாத்தியாரே. அந்தம்மாவுக்குச் சந்து மட்டும்தான்,” என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, “இது சரியான பதிலான்னு தெரியல,” என்றும் சொன்னீர்கள். எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. தெரியாததை ஒத்துக்கொண்டதால்தான் நான் உங்களோடு தொடர்ந்து வந்தேன் என்று நினைக்கிறேன். மற்றபடி நீங்கள் சுலபமான மனிதர் இல்லை. கோபம் வந்தால் வாய்க்கு வந்ததைப் பேசுவீர்கள். கூட வேலை செய்தவர்களில் பாதிப்பேர் உங்களைச் சபித்துக்கொண்டே போனார்கள்.

எண்பதுகளில் வீடியோ வந்தது. கல்யாணம் எடுக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. கோயில் விழாவை அழகாக எடுத்துத் தரச் சொன்னார்கள், அதற்கும் போகவில்லை. இருமல் அதிகமானபோது இந்தப் பெட்டிகளை என் வீட்டில் இறக்கிவைத்தீர்கள். “உங்ககிட்ட இருந்தா எறும்புகூட ஏறாது,” என்றீர்கள். சென்னை ஆஸ்பத்திரியில் நீங்கள் இறந்த செய்தி பேப்பரில் வரவில்லை. ஒரு தபால் அட்டையில்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது இந்த ஊரில் ஒருவர்கூட உங்களை மேதை என்று சொல்லவில்லை.

கஜேந்திரன் வந்துபோன மறுநாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ‘பார்க்கலாம்’ என்ற ஒரு சொல்லால் படத்தைக் கொடுத்துவிட்டேனோ என்று அரித்துக்கொண்டே இருந்தது. மாட்டேன் என்று சொல்ல நான் யார்? நான் சத்தம் பிடித்தவன், அவ்வளவுதான். முடிவில் உங்கள் வழக்கத்தையே பிடித்துக்கொண்டேன். யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களிடம் கேட்பது. லைன் வீடுகளில் விசாரித்தால் அந்தப் பெண்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. முனியம்மா போயே இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது என்றார்கள். செல்வி கீழ்பென்னாத்தூரிலேயே இருக்கிறாள் என்றும் சொன்னார்கள். முழுப் படத்தின் நகல் ஒன்று பென் டிரைவில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ் கிரிவலப் பாதையைக் கடக்கும்போது வெளியே பார்த்தேன். பௌர்ணமி முடிந்த காலை. சாலை முழுக்க எச்சில் தட்டுகளும் தண்ணீர் பாக்கெட்டுகளும் கிடந்தன. ஓரத்துப் புதர்களில் இருந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சை மேல்சட்டை போட்ட பெண்கள் வரிசையாகக் குனிந்து வாரிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன் சீட்டில் இருந்தவர், “சீ, என்னா நாத்தம்!” என்று கண்ணாடியை இழுத்து மூடினார். அவர் நெற்றியில் விபூதி இன்னும் காயவில்லை.

செல்விக்கு அறுபதுக்கு மேல் ஆகிறது. கால் வீங்கி, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். நான் யார் என்று சொன்னதும், “டேப்பு சாரா? அம்மா சொல்லும், ஒரு சாரு வாந்தி எட்த்துக்கினே வேலை பாத்தாருன்னு,” என்று சிரித்தார். டி.வி.யில் பென் டிரைவைச் செருகிப் படத்தைப் போட்டேன். லைன் வீடுகள் வந்ததும், “இது சரோஜா அத்த... இது குள்ளம்மா,” என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். அப்புறம் நின்றுவிட்டார்.

“எங்கம்மா எங்க சார்? எல்லாரும் கீறாங்க, எங்கம்மாவ காணோமே? எங்கிட்ட ஒரு போட்டோகூட கெடயாது.”

சொன்னேன். கல்யாணம் நின்றுவிடும் என்று முனியம்மாவே எடுக்கச் சொன்னதைச் சொன்னேன்.

“கல்யாணம் ஆன மாசமே தெரிஞ்சிபோச்சு சார். மாமியா ஒரு வருசம் எங்கையால தண்ணி வாங்கிக் குடிக்கல.”

நல்லவேளை, இது உங்களுக்குத் தெரியாது. அந்தக் காட்சியை வெட்டிவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர் நீங்கள்.

அதற்குள் படம் சந்துக்கு வந்துவிட்டது. ஆளே இல்லாத சந்து, மூடிய தகரக் கதவுகள். கேமரா ஒவ்வொன்றாகக் கடந்து போக, மேலே அந்தக் குரல் மட்டும் கேட்டது. “ஆளு வந்திருக்கேன்!” இழுத்து, கடைசியில் ஏறி. செல்வியின் கை சுவரைவிட்டு இறங்கியது.

“இது எங்கம்மா,” என்றார். “சார், இது எங்கம்மா சார். இன்னொரு வாட்டி போடுங்க.”

போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன்.

“இந்த ஊட்டுக்கு வந்தாலும் உள்ள வராது சார். வாசல்லயே நின்னு ‘ஆளு வந்திருக்கேன்’னும். பெத்த பொண்ணு ஊட்டுக்கு வர்றதுக்கு! உள்ள வாம்மான்னு நான்தான் ஓடியாந்து கையப் புடிச்சி இழுப்பேன்.”

பிறகு கஜேந்திரன் என் கைபேசிக்கு அனுப்பியிருந்த, வெட்டி ஒட்டிய படத்தையும் காட்டினேன். அதே சந்து இருந்த இடத்தில் மலை. அதே குரல் இருந்த இடத்தில் புல்லாங்குழல். செல்வி முழுவதும் பார்த்தார்.

“தீபம் நல்லாத்தான் கீது,” என்றார். “எங்கம்மா வாயில துணிய வச்சி அடச்சிட்டாங்களே சார். குடுக்காத.”

பென் டிரைவை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், துணிச்சல் வடிவதற்குள் கஜேந்திரனுக்குப் போன் செய்தேன். முழுதாகக் காட்டுவதாக இருந்தால் தருகிறேன், வெட்டினால் தர மாட்டேன் என்று எழுதி வைத்துக்கொண்டதைப் பார்த்துப் படித்தேன்.

“யாரக் கேட்டு சார் இப்டிப் பேசறீங்க?” என்றார்.

“செல்வியக் கேட்டு.”

“எந்தச் செல்வி?”

“முனியம்மாவோட பொண்ணு.”

“எந்த முனியம்மா சார்?”

“நீங்க பொறந்ததுலேர்ந்து பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் தினமும் உங்க வீட்டுக்கு வந்தவங்க.”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அது போனில் தெரிந்தது.

“எங்க வீட்டுக்கா? அப்டி யாரும் வந்ததில்லையே சார்.”

அவர் பொய் சொல்லவில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு குமட்டியிருக்காது.

விழா நேற்று நடந்தது. நான் போகவில்லை. வெட்டி ஒட்டிய அந்த மங்கலான நகலையே ஓட்டி, உங்கள் புகைப்படத்துக்கு ஆளுயர மாலை போட்டார்களாம். மூலச்சுருள்கள் என்னிடம் இருக்கின்றன. அவை எவ்வளவு காலம் தாங்கும் என்று தெரியாது, நானும் எவ்வளவு காலம் என்று தெரியாது. ஆனால் அந்தச் சந்தில் கண்ட பக்கமெல்லாம் விழுந்த என் அருவருப்பு, இந்த வயதில் விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். எப்போதும் எதற்காவது பயந்துகொண்டிருக்கிறவன் நான். இப்போது, இந்தக் குமட்டல் எனக்கு ஒருநாள் பழகிப்போய்விடுமோ என்று பயந்துகொண்டிருக்கிறேன்.